வத்தலில் பூத்த வெள்ளை

விட்பி
03.08.1997

மச்சாள்,

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை. பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

போன் எடுக்காதீர்கள். எடுத்தாலும் வைத்துவிடுவேன். வியாழக்கிழமை ஆசுபத்திரி விறாந்தையில் நேர்ஸ்மார் எல்லோரும் திரும்பிப் பார்க்க, "என்ர அப்பாவைக் கொல்லப் பாக்கிறியோ?" என்று நீங்கள் கத்தியது இன்னும் காதுக்குள் நிற்கிறது. இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஒருவர் முன்னாலும் நான் அப்படித் தலைகுனிந்து நின்றதில்லை. உங்கள் தம்பி, என் புருசன், பக்கத்தில் கேட்டுக்கொண்டுதான் நின்றார். வீட்டுக்கு வந்ததும் சீமோன் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கத்திய அவசரத்தில் டொக்டர் சொன்னதை நீங்கள் கேட்கவில்லை. எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள். மாமாவின் வயிற்றுக்குள் கிருமி போயிருக்கிறது. சால்மொனெல்லா என்று பெயர். செவ்வாய்க்கிழமை காலை குளியலறை நிலத்தில் சுருண்டு கிடந்தார். எழுபத்திரண்டு வயது உடம்பில் இருந்த தண்ணீர் எல்லாம் போய்விட்டதால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. சேலைன் ஏறிக்கொண்டிருக்கிறது.

நேற்றுச் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். நான்கு நாளாக அவர் என்னென்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சோறு, கறி, பாண், முட்டை எல்லாம் நாங்களும் சாப்பிட்டவை. எங்களுக்கு ஒன்றும் இல்லை. அவர் மட்டும் தின்றது ஒன்றே ஒன்று, நீங்கள் கொண்டுவந்து தந்த ஆட்டிறைச்சி வத்தல். மிச்சம் இருந்த பையை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

அவள் கேட்ட கேள்வியை அப்படியே உங்களிடம் கேட்கிறேன். அந்த வத்தல் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது? எல்லோருக்கும் சொல்லி எறியச் சொல்லுங்கள். இன்றைக்கே.

செரீனா


ஸ்காபரோ
09.08.1997

செரீனாவுக்கு,

உம்முடைய கடிதம் வந்தது. இரண்டு தரம் வாசித்தேன். ஆத்திரத்தில் கிழிக்கப் போய், பிறகு ஆதாரமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

நான் கத்தினேன்தான். என்னைப் பெற்ற மனுசன் குழாய்களோடு படுத்திருக்க, கைகட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறீரோ?

எனக்கு இறைச்சியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் ஆறு வருடம் நிற்கிறேன். தலைக்கு வலை, கைக்குக் கையுறை, தட்டுக்குத் தட்டு வெப்பமானி குத்திப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறவள் நான். மூன்று வருடமாக வத்தல் போடுகிறேன். கொழுப்பு ஒரு பொட்டு இல்லாமல் சீவி, விரல் தடிப்புக்குக் குறைவாக வெட்டி, உப்பும் மிளகும் வினாகிரியும் பிரட்டி, ஒரு இரவு பிறிட்ஜில் ஊறவிட்டு, ஏழு மணித்தியாலம் அவணில் காயவிடுகிறேன். வளைத்தால் வெடிக்க வேண்டும், ஆனால் முறியக் கூடாது. அதுதான் பதம். நான் இருக்கிற இந்த மாடிக் கட்டடத்தில் யாரிடமும் கேட்டுப் பாரும். பாலேஸ்வரி அக்கா கொண்டாட்டத்துக்குக் கொண்டாட்டம் என்னிடம்தான் ஓடர் கொடுக்கிறா. ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. உம்முடைய வீட்டுக்கு வந்த பை மட்டும் எப்படி நஞ்சானது?

நான் சொல்லட்டுமா? ஜூலையில் வந்தபோது கண்ணால் பார்த்தேன். அடுப்புக்கு மேலே உள்ள அலுமாரியில் வைத்திருக்கிறீர். கீழே நாள் முழுக்கச் சட்டி கொதிக்கிறது, ஆவி நேரே மேலே போகிறது. வாயைக் கட்டாமல் உடுப்புக் காயப்போடுகிற கிளிப் ஒன்றைக் குத்தி வைத்திருந்தீர். காற்றுப் போகாத போத்தலில் போட்டு, குளிரில் வையும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? உமக்கு எங்கே நேரம். முதியோர் இல்லத்தில் பிறத்தியாருடைய தாய் தகப்பனைக் கழுவித் துடைக்க நேரம் இருக்கிறது. வீட்டிலே இருக்கிற கிழவர் என்ன தின்கிறார் என்று பார்க்க இல்லை.

ஒருவருக்கும் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. என் பெயரை நானே ஏன் நாறடிக்க வேண்டும்?

அன்ரனெற்


விட்பி
14.08.1997

மச்சாள்,

பிறத்தியாரைக் கழுவித் துடைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓம், துடைக்கிறேன். அந்த வேலை முடித்து வந்துதான் உங்கள் அப்பாவின் படுக்கை விரிப்பை மாற்றுகிறேன். இரண்டு வருடமாக அவர் இருப்பது இந்த வீட்டில். நீங்கள் மாதம் ஒருக்கால் ஒரு பையோடு வந்து, மகள் என்ற பெயரை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுகிறீர்கள்.

அடுப்புக்கு மேலே இருந்தது ஜூன் மாதத்துப் பை. அதில் ஒன்றும் இல்லை, அது தீர்ந்தே போய்விட்டது. நான் சொல்வது ஜூலை 12 என்று திகதி ஒட்டியிருந்த புதுப் பை. நீங்கள் கட்டிய கட்டு அவிழ்க்காமலே இருந்தது. அதற்குள்ளே தண்ணீர் துளித்துளியாக வேர்த்திருந்தது. வத்தலின் ஓரங்களில் வெள்ளை பூத்திருந்தது. கட்டு அவிழ்க்காத பைக்குள் என் அடுப்பின் ஆவி எப்படிப் போகும்? விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிறவர் நீங்கள், சொல்லுங்கள்.

மறந்துபோனீர்களோ என்னவோ, நான் மறக்கவில்லை. வெள்ளையைக் கண்ட அன்றைக்கே உங்களுக்குப் போன் எடுத்தேன். "மச்சாள், பைக்குள்ள வெள்ளையாக் கிடக்கு, பூஞ்சணம் மாதிரி" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "உது உப்பு, பிள்ளை. காயக் காய உப்பு மேல வரும். துணியால துடைச்சுப்போட்டு அப்பாக்குக் குடும்" என்றீர்கள். இதே வார்த்தைகள்.

மாமாவுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. இன்னும் எழும்பி நடக்கவில்லை.

இப்போது கேளுங்கள். பாலேஸ்வரி அக்காவின் மகள் துவாரகா ஆறு மாதக் கர்ப்பிணி. அந்த வீட்டிலும் உங்கள் பை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நீங்கள் என்ன முகத்தோடு லிஃப்டில் ஏறி இறங்குவீர்கள்? வருகிற ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். அதற்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நான் போன் எடுத்துச் சொல்லுவேன். அவவின் நம்பர் என்னிடம் இருக்கிறது.

செரீனா


ஸ்காபரோ
18.08.1997

செரீனா,

சொல்லும். தாராளமாகச் சொல்லும். இந்தக் கட்டடத்தில் பதினான்கு மாடி, மாடிக்கு மாடி எங்கள் சனம். எல்லோருக்கும் சொல்லும். புருசன் இல்லாமல் தனியே நின்று மரியாதையாக வாழ்கிற ஒருத்தியின் பெயரைக் கெடுத்தால் உமக்கு நித்திரை வரும் என்றால் செய்யும்.

உப்பு என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு கதையே நடக்கவில்லை. நீர் உம்முடைய பிழையை மறைக்க ஒரு கதை கட்டுகிறீர்.

நேற்று அப்பாவைப் பார்க்க வந்தேன். நீர் வேலையில் நின்ற நேரம் பார்த்துத்தான் வந்தேன். பாதி உடம்பாகப் போய்விட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "செரீனாவோட சண்டை பிடிக்காத" என்றார். உமக்காகப் பேசுகிறார். அதற்குக்கூட நீர் அவருக்கு ஏதோ சொல்லிக் கொடுத்திருப்பீர்.

உங்கள் வீட்டுக் கதவுத் திறப்பு என்னிடம் இருந்தது. இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். இனி அது எனக்குத் தேவையில்லை.

அன்ரனெற்


விட்பி
27.08.1997

மச்சாள்,

திறப்புக் கிடைத்தது.

இத்துடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். முதலாவது ஆய்வுகூட முடிவின் பிரதி. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, உங்களுக்கு விளங்கும். மாமாவின் வயிற்றில் இருந்த அதே கிருமி பைக்குள்ளும் இருந்திருக்கிறது. இதற்கு மேல் நான் கதை கட்டத் தேவையில்லை.

இரண்டாவது அந்தச் சுகாதாரப் பெண் தந்த தாள். வீட்டில் இறைச்சி வத்தல் போடுகிறவர்களுக்கு என்று அச்சடித்தது. நான்கு தரம் வாசித்தேன், கோபத்தில் பாடமாகிவிட்டது. முதலில் இறைச்சியை பரன்ஹைட்டில் நூற்று அறுபது பாகை வரை சூடாக்கி வேகவைத்து, அதற்குப் பிறகுதான் காயவிட வேண்டுமாம். வெறுமனே காயவிட்டால் தண்ணீர் போகும், கிருமி சாகாது. காய்ந்தபின் முழுதாக ஆறவிட்டுத்தான் பையில் போட வேண்டும். மறுநாள் பைக்குள் வேர்வை கண்டால் அது காயவில்லை என்று அர்த்தம், உடனே திரும்ப அவணில் போட வேண்டும். வெளியில் வைத்தால் இரண்டு கிழமை, அதற்கு மேல் என்றால் பிறிட்ஜ், மாதக்கணக்கு என்றால் பிறீஸர். கடைசி வரிக்குக் கீழே நானே பேனையால் கோடு போட்டிருக்கிறேன். பூஞ்சணம் கண்டால் துடைக்க வேண்டாம், பையோடு எறியுங்கள்.

துடைக்க வேண்டாம், மச்சாள்.

மாமாவை வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். தடி ஊன்றித்தான் நடக்கிறார். சிறுநீரகம் முழுதாகத் திரும்பாது என்கிறார் டொக்டர். உப்புக் கூடாது, இறைச்சி அளவோடுதான். அவரிடம் முடிவைச் சொன்னேன். "என்ர பிள்ளை எனக்கு நஞ்சு தருவாளோ?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாலேஸ்வரி அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவ "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். என்னால் முடியவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். ஆனால் உங்களால் முடியும், நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையின் வயிற்றை நினைத்தாவது சொல்லுங்கள்.

செரீனா


ஸ்காபரோ
14.09.1997

செரீனாவுக்கு,

இரண்டு கிழமையாகக் கடிதம் போடாதது உம்மோடு உள்ள கோபத்தால் மட்டும் இல்லை. கோபம் இருக்கிறது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

உம்முடைய தாளை வாசித்த அன்றே பாலேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், "அக்கா, நான் தந்த வத்தலைத் திருப்பித் தாங்கோ" என்றேன். "ஏன் பிள்ளை, வேற ஆருக்கும் குடுக்கவோ?" என்று சிரித்தா. கிருமி இருக்கிறது என்று சொல்ல என் வாய் உளறியது. பை பிறீஸருக்குள் இருந்தது. கட்டு அவிழ்க்கவில்லை. துவாரகாவுக்கு இந்த மாதங்களில் இறைச்சி மணமே பிடிக்கவில்லையாம். அந்த இடத்திலேயே நிலத்தில் குந்தி அழுதுவிட்டேன்.

ஜூலை 12ஆம் திகதி போட்டது இருபத்தொரு பை. வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு நாளும் இரண்டு வீடு, மூன்று வீடு என்று பஸ்ஸிலும் நடந்தும் போனேன். ஸ்ரீதரன் வீட்டில் ஏற்கெனவே தின்று முடித்துவிட்டார்கள். அன்புராசாவின் மனைவி தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னா: "எங்கட வீட்டிலயும் ரெண்டு பேருக்கு மூண்டு நாளா வயித்தால போனது அன்ரனெற். நீங்கள் மனம் நோவியள் எண்டுதான் சொல்லேல்லை." அந்தத் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தேன். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்னும் எத்தனை வீட்டில் இப்படி மனம் நோகும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தார்களோ தெரியாது. பத்துப் பை திரும்பி வந்தது. ஏழு வீட்டில் தின்று முடித்துவிட்டார்கள். மூன்று வீட்டுக்காரர் ஏற்கெனவே குப்பையில் போட்டிருந்தார்கள், எனக்குச் சொல்லாமல். மிச்சம் ஒன்று அப்பாவினுடையது.

எல்லா வீட்டுக்கும் போய் முடிக்கும்வரை உமக்கு எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

ஏழு மணித்தியாலம் காயவிடுகிறேன் என்று எழுதினேன் அல்லவா? அன்றைக்கு ஏழு மணித்தியாலம் இல்லை. மூன்றரை. சனிக்கிழமை, மத்தியானம் வேலையிடத்திலிருந்து போன் வந்தது. இரண்டு பேர் வரவில்லை, உடனே வரவேண்டும் என்றார்கள். அவணை விட்டுவிட்டுப் போகப் பயம். எடுத்துப் பார்த்தேன். மேலே காய்ந்த மாதிரி இருந்தது. வளைத்துப் பார்க்கவில்லை. சூட்டோடு சூடாகப் பையில் போட்டுக் கட்டிவிட்டு ஓடினேன். அங்கே போய்ப் பின்னேரம் முழுக்க மற்றவனுடைய கோழிக்கு வெப்பமானி குத்திக்கொண்டு நின்றேன்.

நீர் போனில் வெள்ளை என்று சொன்னதும் எனக்கு அந்தச் சூட்டுப் பைகள்தான் நினைவு வந்தன. ஓம், செரீனா. உப்பு என்று நான்தான் சொன்னேன். அது உப்பு இல்லை என்று தெரிந்து சொன்னேனா, தெரிய விரும்பாமல் சொன்னேனா என்று இரண்டு மாதமாக என்னையே கேட்கிறேன்.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். நான் உப்பு என்றேன், சரி. நீர் பார்த்தீர். பூஞ்சணம் மாதிரி என்று நீர்தான் சொன்னீர். உமக்குக் கண் இருந்தது. பிறகும் ஏன் கொடுத்தீர்? எறிந்திருந்தால் நான் இரண்டு நாள் கோபித்திருப்பேன், அவ்வளவுதானே? அப்பாவின் சிறுநீரகம் போயிராதே?

அன்ரனெற்


விட்பி
20.09.1997

மச்சாள்,

உங்கள் கடிதத்தைக் கராஜுக்குள் கொண்டுபோய்ச் சீமோனின் கையில் கொடுத்தேன். அவர் வாசித்து முடிக்கும்வரை நின்று, அவருக்கு ஒன்று சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

சுகாதாரப் பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். மாமா தானே எடுத்துத் தின்றார் என்று எழுதுவித்தேன். அது அப்படி இல்லை. அந்தப் பையை முதலில் நான் குசினி மேசையில் ஒரு பக்கமாகத்தான் வைத்தேன், எறியலாம் என்று. வெள்ளிக்கிழமையும் கேட்டார், சனிக்கிழமையும் கேட்டார். "அன்ரனெற் தந்தது முடிஞ்சுதோ பிள்ளை?" ஞாயிறு மத்தியானம் நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கிறேன், பஸ்ஸுக்குப் பத்து நிமிடம், மூன்றாம் தரமும் கேட்டார். கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, உங்கள்மேல். மாதம் ஒருக்கால் வந்து ஒரு பை வைத்துவிட்டுப் போகிறவரை இப்படித் தேடுகிறார், நான் மூன்று நேரமும் ஆக்கிப்போடுவது அவர் கண்ணுக்குத் தெரியவில்லையே என்ற கோபம். மகள் உப்பு என்கிறா, தின்னட்டும் என்று, பாத்திரம் துடைக்கிற துணியால் துடைத்து, தட்டில் போட்டு, முன்னால் வைத்துவிட்டுப் போனேன்.

முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்கும் அப்படி ஒன்றை நான் வைத்திருக்க மாட்டேன். என் வேலை போய்விடும் என்று தெரியும். வீட்டில் வைத்தேன்.

பாலேஸ்வரி அக்காவுக்குப் போனில் சொல்ல முடியாமல் போனது அதனால்தான். உங்களைக் காட்டிக்கொடுக்க வாய் திறந்தால் என் கதையும் சேர்ந்து வெளியே வந்துவிடும் போல இருந்தது.

நாளைக்குச் சுகாதாரப் பகுதிக்கு எழுதுகிறேன். மாமாவிடம் இன்று காலை சொன்னேன். கட்டில் காலடியில் நின்று, அவர் முகத்தைப் பாராமல் சொன்னேன். போர்வையை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டார். பிறகு, "நீ துடைக்கேக்க நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான் பிள்ளை. புளிச்ச மணமும் வந்தது. சொன்னால் எறிஞ்சுபோடுவாய் எண்டு சொல்லேல்லை" என்றார்.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆசுபத்திரியில் கத்தியதற்கும், கதை கட்டுகிறேன் என்று எழுதியதற்கும். அது லேசில் போகாது. ஆனால் வீடு வீடாகப் போனீர்கள். நான் என்றால் போயிருப்பேனா தெரியாது.

செரீனா


ஸ்காபரோ
28.09.1997

செரீனா,

உம்முடைய கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். முதல் தரம், உம்முடைய வீட்டுக்கு வந்து உம்மைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது. பாத்திரம் துடைக்கிற துணி. எழுத உமக்குக் கை எப்படி வந்தது? பிறகு, சூட்டுப் பையைக் கட்டுகிறபோது என் கை எப்படி வந்தது என்று நினைத்தேன். மறுபடியும் உம்மில் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. இது ஆறுவதற்கு நாள் எடுக்கும், அதற்கு நான் பொய் சொல்லப் போவதில்லை.

மாதம் ஒருக்கால் வந்து மகள் என்ற பெயரை வாங்கிக்கொண்டு போகிறேன் என்று எழுதினீர். அதுதான் எல்லாவற்றிலும் சுட்டது. உண்மை என்றபடியால் சுட்டது. இனிச் செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் நான் வருகிறேன். அப்பாவைக் கழுவுகிற வேலையை அந்த இரண்டு நாளும் நான் செய்கிறேன். நீர் அந்த நேரம் படுத்து எழும்பும், இல்லாவிட்டால் எங்கேயாவது போம். என்னோடு பேச வேண்டும் என்று இல்லை.

வத்தல் கேட்டு ஆட்கள் இன்னும் வருகிறார்கள், அதுதான் புதினம். "ஒருக்கால் பிழைச்சால் என்ன அன்ரனெற்" என்கிறார்கள். இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

வருகிற ஞாயிறு அப்பாவுக்கு எழுபத்துமூன்று. இங்கே ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாரும், சீமோனையும் இழுத்துக்கொண்டு. மேசை போட்டு வைக்கிறேன், கேக்கைக் கடையில் எடுக்கிறேன். சாப்பாட்டை மட்டும் நீர் ஆக்கிக்கொண்டு வாரும். இரண்டு மாதமாக அவணைத் திறக்கவில்லை, பாணும் பழமும்தான். என் கையால் ஆக்கி இன்னொருவர் முன்னால் வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது, செரீனா.

அன்ரனெற்